பழைய கார்கள் வழியில் நின்றால்: தொப்பூர் முதல் ஓசூர் வரை அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பழைய ஜீப் என நான்கைந்து வண்டிகள் ஒன்று சேர்ந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் சாலைகளில் பயணம் புறப்பட்டால், அவற்றில் ஏதேனும் ஒன்று வழியில் நிற்கும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு கிளம்புவதே நல்லது. பழைய வண்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை எளியவை, சாலையோரத்திலேயே சரிசெய்யக்கூடியவை. ஆனால் ஆர்வலர்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில், கோளாறைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வந்து சேர்கிறது: பானெட் திறந்ததும் ஐந்து பேர் கை வைக்கிறார்கள். ஒருவர் பாயின்டை (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) தேய்க்கும்போதே இன்னொருவர் பெட்ரோல் பைப்பைக் கழற்றிவிடுகிறார். வண்டி எடுத்துவிட்டால் எதனால் எடுத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த முப்பது கிலோமீட்டரில் அதே கோளாறு மீண்டும் வரும்போது, அது தொப்பூர் இறக்கமாகவும் இருக்கலாம்.

ஆகவே பானெட்டைத் திறப்பதற்கு முன் வண்டியை ஓட்டி வந்தவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். நிற்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் வண்டி எப்படி ஓடியது, ஏற்றமா சமதளமா, எந்தக் கியர், ஏதேனும் வாடை வந்ததா, எந்த விளக்காவது எரிந்ததா என்று கேட்டு முடித்த பிறகு, ஒருவர் மட்டும் எஞ்சினைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, எடுத்துப் பார்த்து, அதன் பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது: முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் தள்ளி வைப்பது, குழந்தைகளைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிறுத்துவது, தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லிவைப்பது. வளைவிலும் பாலத்தின் மீதும் எந்தப் பழுதையும் பார்க்கக் கூடாது. வண்டியைத் தள்ளியாவது அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை கார்புரேட்டரும் பாயின்டும் கொண்ட பெட்ரோல் வண்டிகளுக்கு உரியவை. 1489 சி.சி. எஞ்சின் கொண்ட அம்பாசடருக்கும், 1089 சி.சி. பத்மினிக்கும், சென்னை வண்டலூரில் தயாரான ஹெரால்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றுவிட்டது

இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வியை எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் அழகாகக் கேட்பார்கள்: “சாவிய ஆஃப் பண்ண மாதிரி டக்குன்னு நின்னுச்சா, இல்ல திக்கித் திணறி நின்னுச்சாங்கண்ணா?” பாதிப் பழுது இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். சாவியைத் திருப்பியது போல ஒரே நொடியில் நின்றிருந்தால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் இழுவை குறைந்து, குலுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகி, அதன் பிறகு நின்றிருந்தால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு என்றாலும், எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

டக்கென்று நின்ற வண்டியில், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே வரும் ஒயரைக் கழற்றி, காப்புள்ள குறட்டால் பிடித்து, எஞ்சின் உலோகத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு செல்ஃப் போடச் சொல்ல வேண்டும். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. நீல நிறத்தில் சடசடவென்று பொறி தாவினால் காயிலும் பாயின்டும் நன்றாக இருக்கின்றன. அப்போது மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கருப்புக் கோடு ஓடுகிறதா, நடுக் கார்பன் துண்டு இருக்கிறதா, மூடிக்குள் சுழலும் ரோட்டரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொறி மஞ்சளாக, நோஞ்சானாக வந்தாலோ வராமலே இருந்தாலோ சிறிய சோதனை விளக்கை எடுக்க வேண்டும்.

சாவியைப் போட்டுவிட்டு, சாவியிலிருந்து காயிலுக்கு வரும் முனையில் விளக்கின் ஒரு நுனியையும் எஞ்சின் உலோகத்தில் மறு நுனியையும் வைத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பழுது சாவியிலோ ஒயரிலோ இருக்கிறது. பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்தால் வண்டி ஓடும், நிறுத்துவதற்கு அந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். மாறாக விளக்கு எரிந்தால், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கு அதே நுனியை மாற்றிச் செல்ஃப் போட வேண்டும். பாயின்ட் திறந்து மூடத் திறந்து மூட, விளக்கு மினுங்க வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடவே இல்லை, அல்லது முகத்தில் கரியோ எண்ணெயோ படிந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. ஒருபோதும் எரியாவிட்டால் பாயின்ட் ஒட்டியிருக்கிறது, அல்லது பாயின்டில் பொறி தாவாமல் காக்கும் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது.

பாயின்டின் முகத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கப் பழக வேண்டும். நல்ல பாயின்டின் இரு முகங்களும் மங்கிய சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். நீலம் பாரித்துக் கருகியிருந்தால், அல்லது ஒரு முகத்தில் சிறு குன்று எழும்பி எதிர் முகத்தில் அதற்கேற்ற குழி விழுந்திருந்தால், குற்றம் பாயின்டில் இல்லை, கண்டென்சரில் இருக்கிறது. அந்த நிலையில் பாயின்டை மட்டும் தேய்த்துவிட்டுப் புறப்படுபவர் காவேரிப்பட்டணம் தாண்டுவதற்குள் மறுபடி நிற்பார். கண்டென்சரை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழையதன் ஒயரைத் துண்டித்துவிட்டு, புதியதன் ஒயரைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் முனையில் கட்டி, அதன் உடலை எஞ்சினில் ஏதேனும் ஒரு போல்ட்டின் கீழ் இறுக்கினால் வீடு வரை ஓடும். இது 12 வோல்ட் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால், கூட்டத்தில் ஒருவரிடம் கண்டென்சர் இருந்தாலும் எல்லோருக்கும் காவல்தான். பாயின்டின் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரை ஒட்டி ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) நகர்ந்துவிடும், பிறகு சூடேறுவதற்கு அதுவே காரணமாகும்.

காயில் பழுதுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காலையில் கிருஷ்ணகிரியில் அருமையாக எடுக்கும், அரை மணி நேரம் ஓடியதும் நிற்கும், இருபது நிமிடம் ஆறவிட்டால் எதுவும் நடக்காதது போல மீண்டும் எடுக்கும். சூட்டில் உள்சுற்றின் காப்பு விட்டுப்போவதுதான் காரணம். வெயில் நேரத்தில் வேப்பர் லாக்கும் (பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடுவது) இதே போல நின்று ஆறியதும் சரியாவதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வேறுபடுத்த ஒரே வழி, வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பொறியைச் சோதிப்பதுதான். தேநீர் குடித்துவிட்டு வந்து சோதித்தால் இரண்டும் நன்றாகவே இருக்கும், காரணம் கடைசி வரை தெரியாது.

திக்கித் திணறி நின்ற வண்டியில், வேறு எதையும் தொடுவதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து காதை வைக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டுப் பம்ப்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. துளையைக் குத்தி விட்டால் வேலை முடிந்தது. இந்தச் சின்ன விஷயத்துக்காகக் கார்புரேட்டரை முழுக்கப் பிரித்துச் சாலையோரத்தில் பரப்பி வைப்பது வீண் வேலை.

அடுத்தது ஃபில்டர். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கின் அடியில் பல ஆண்டுகளாக இறுகிப்போன கசட்டைக் கரைத்துவிடும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃபிரத்தையும் (உள்ளே அசையும் சவ்வு) உப்ப வைக்கும் அல்லது வெடிப்பு விட வைக்கும். எனவே புறப்படும் முன்பே எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிவிட்டு, உள்ளே தெரியும்படியான கண்ணாடி ஃபில்டர் ஒன்றைப் பொருத்துவது நல்லது. ஃபில்டரில் துருத்தூள் நிறைந்திருந்தால் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு டேங்கை முழுதாக இறக்கிச் சுத்தம் செய்யும் வரை இன்னும் சில ஃபில்டர்கள் கைவசம் இருக்க வேண்டும். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும் என்பதால், பழைய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) அளவிலேயே ஓடும் எஞ்சினுக்குக் கலவை மெலிந்துவிடுகிறது. ஏற்றத்தில் இழுவை குறைவதும், வழக்கத்தைவிடச் சூடாவதும் இதனால் வரலாம். கார்புரேட்டர் அறிந்த ஒருவரிடம் பயணத்துக்கு முன் கலவையைச் சற்று கூட்டி வைப்பது நான் அவசியம் என்று கருதும் வேலை.

ஃபில்டரும் சரியென்றால், கார்புரேட்டருக்குள் போகும் பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் (ஏ.சி. பம்ப் என்பார்கள்) கை நெம்புகோலை அழுத்திப் பார்க்க வேண்டும். அடிக்கு ஒரு பீய்ச்சல் வந்தால் பம்ப் நல்லது. காற்றுக் குமிழியாக வந்தால் டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பெட்ரோல் பைப்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகியிருக்கிறது. இந்த இரண்டாவதுதான் வேப்பர் லாக். மே மாத நடுப்பகலில் மேலுமலை ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊரும்போதும், ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் நோக்கிக் காட்டு வழியே ஏறி வரும்போதும் இது சாதாரணம். எஞ்சின் முழு உழைப்பில் இருக்கும், காற்றோட்டம் மட்டும் இருக்காது. பானெட்டைத் திறந்து வைத்து, ஈரத் துணியைப் பம்ப்பின் மீதும் பைப்பின் மீதும் சுற்றி, பதினைந்து இருபது நிமிடம் விட்டுவிட்டு, நெம்புகோலால் கையாலேயே பெட்ரோலை ஏற்றிக்கொண்டு புறப்படலாம். ஈரத் துணி புகைக்குழாய்ப் பக்கம் பட்டுவிடக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். நிலையான தீர்வு, பைப்பைப் புகைக்குழாயிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதும் இடையில் ஒரு தகடு மறைப்பு வைப்பதும்தான்.

பம்ப் பற்றி ஒரு எச்சரிக்கை. டயாஃபிரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் ஒழுகாது, எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலிலும் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் வந்தால் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். டயாஃபிரமும் ஆயிலும் இரண்டும் மாற்றப்பட்ட பிறகே வண்டி நகர வேண்டும்.

நன்றாக ஓடி வந்தது, தேநீருக்கு நிறுத்தினோம், பிறகு எடுக்கவில்லை

காரிமங்கலம் பக்கத்துச் சாலையோரக் கடையில் பத்து நிமிடம் நின்றதும் இப்படி ஆனால், பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஓட்டம் நின்றதும் எஞ்சின் சூடு கார்புரேட்டருக்கு ஏறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்துவிடுகிறது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் பெட்ரோல் வாடை முகத்தில் அடிக்கும். இது வேப்பர் லாக்குக்கு நேர் எதிரானது: அங்கே பெட்ரோல் போதவில்லை, இங்கே மிஞ்சிவிட்டது. கலவையைக் கூட்டும் சோக்கை இழுக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை அடி வரை ஒரே மிதியாக மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் போட வேண்டும்; விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் இறங்கும். எட்டுப் பத்து நொடி சுற்றி, சற்று இடைவெளி விட்டு, மீண்டும் முயன்றால் எடுத்துவிடும்.

செல்ஃப் போட்டால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது

முன் விளக்கைப் போட்டுக்கொண்டு செல்ஃப் போட வேண்டும். விளக்கு அணைந்து போனால் பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது முனை தளர்ந்திருக்கிறது. விளக்கு மங்காமல் எரிந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. ‘டங்’ என்று ஒரு அடி அடித்துவிட்டு விளக்கும் மங்கினால் செல்ஃப் மோட்டாரின் பினியன் எஞ்சினின் பல்சக்கரத்தில் சிக்கியிருக்கலாம், சாவியை எடுத்துவிட்டு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

பலரும் தவறவிடும் ஓர் அறிகுறி உண்டு. செல்ஃப் போடும்போது சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், சில சமயம் புகையே வந்தால், எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை அறுந்திருக்கிறது என்று பொருள். ரப்பர் மவுண்ட்டின் மீது உட்கார்ந்திருக்கும் எஞ்சினிலிருந்து மின்சாரம் திரும்ப வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியே ஓடுகிறது. ஜம்ப்பர் கேபிள் ஒன்றை எஞ்சினிலிருந்து பாடிக்குப் பிடித்தால் உடனே செல்ஃப் முழு வேகத்தில் சுற்றும். பிறகு புதிய பட்டை போட்டுக்கொள்ளலாம். இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது, மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியில் இணைக்கப்பட்டிருக்கும் என்பதால், நிறத்தை நம்பாமல் முனைக் குறியைப் பார்த்த பிறகே கேபிளை மாட்ட வேண்டும். எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றுபவர் கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டை விரல் முறியாமல் இருக்க அது ஒன்றே வழி.

சூடு ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதே விடை. சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் ஓரத்தில் வழுகுகிறது. மாறாக, நிற்கும்போது நன்றாக இருந்து, அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து போகும்போது ஏறினால் ரேடியேட்டரின் உள்குழாய்கள் அடைத்திருக்கின்றன, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு கீழ் ஹோஸைப் பார்த்தால் சப்பையாவது கண்ணுக்கே தெரியும்.

ரேடியேட்டர் அடைப்புக்கு இந்தப் பகுதியில் ஒரு தனிக் காரணம் உண்டு. இவ்விரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது. வருடக்கணக்கில் அந்தத் தண்ணீரையே ஊற்றிவந்த ரேடியேட்டரில் வெள்ளைப் படிவு ஏறி, குழாய்கள் பாதி மூடியிருக்கும். வெளியே பளபளவென்று தேய்த்து வைத்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. பயணத்துக்கு முன் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோடு கூலன்ட் கலந்து நிரப்புவதும், வண்டிக்குப் பத்து லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துச் செல்வதும் செய்தே தீர வேண்டிய வேலைகள்.

முள் ஏறும்போது வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும், ஒரு கியர் குறைத்து மிதியைத் தளர்த்த வேண்டும். நின்ற பிறகு ரேடியேட்டர் மூடியை யாரும் தொடக் கூடாது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அமுக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, கனத்த துணியை மூடி மீது போட்டு, முதல் பல் வரை மட்டும் திருப்பி, அழுத்தம் முழுதாக வெளியேறிய பின் திறக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். காய்ந்த சட்டியில் ஊற்றுவது போல ஒரேயடியாகக் குளிர்ந்த நீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும். பழைய ரேடியேட்டருக்கு அதிக அழுத்த மூடி போட்டால் சூடு தணியும் என்ற எண்ணத்தில் நவீனக் காரின் மூடியை மாட்டுவது ஆபத்தானது, பற்றவைத்த ஓரங்கள் பிளந்துவிடும்.

தண்ணீர் நிரப்பிய பின்னும் மூடியில்லாத வாயில் தொடர்ந்து குமிழி கொப்பளித்தால், அல்லது டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அதன் பிறகு அந்த வண்டி அன்றைய பயணத்தில் இல்லை.

பிரேக் சரியில்லை

மேலே சொன்னவற்றில் தவறினால் பயணம் தாமதமாகும். இதில் தவறினால் உயிர் போகும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44, தொப்பூர் கணவாயில் நீண்ட இறக்கமாக இறங்குகிறது. பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் நின்ற வண்டிகள் மீது மோதிய செய்திகள் அந்த இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. நம் வண்டியின் பிரேக் மட்டுமல்ல, பின்னால் வருபவரின் பிரேக்கும் அங்கே கேள்விக்குரியது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் கொண்ட அம்பாசடரும் பத்மினியும் அந்த இறக்கத்தை டாப் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், பாதியிலேயே டிரம்மின் சூடு லைனிங்கின் பிடிப்பைக் குறைத்துவிடும்.

எனவே பாளையம் சுங்கச்சாவடியில் நிற்கும்போதே ஒவ்வொருவரும் பெடலை அழுத்திப் பார்த்துக்கொண்டு, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கோ இரண்டாம் கியருக்கோ இறங்கி, எஞ்சின் பிடியிலேயே வண்டியை விட வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து உரசாமல், வேகம் ஏறும்போது ஒரு முறை உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். கூட்டத்தில் மெதுவான வண்டி முன்னாலும், நல்ல பிரேக்கும் நல்ல பின்விளக்கும் உள்ள வண்டி கடைசியிலும் வர வேண்டும்.

பெடல் பேசும் மொழி நான்கு விதம். பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்தால் உயர்ந்தால், ஆயிலில் காற்று இருக்கிறது அல்லது ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை விழலாம். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155. ஷெட்டில் நின்றே கிடக்கும் வண்டியிலும் ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால், கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்ற வேண்டும். பெடல் கல் போல இறுகியிருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பாதுகாப்பாக ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், டிரம் மீது தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெளியே கசிவு எதுவும் தெரியாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் உள்ளுக்குள் விடுகிறது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்து வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைந்திருக்கலாம். சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இவற்றில் ஆறவிட்டால் சரியாகக்கூடியது சூடு ஒன்றுதான், அதற்கும் கொதித்த பழைய ஆயிலை மாற்றியாக வேண்டும். மற்றவற்றோடு மலையில் இறங்கக் கூடாது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். ஒரு சிலிண்டர் ஒழுகினால் நான்கும் போய்விடும், கையில் ஹேண்ட் பிரேக் மட்டுமே மிஞ்சும். பயணத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியையும் புறங்கையால் நெருங்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் போகிறது.

சார்ஜ் விளக்கு அணையவில்லை, கியர் விழவில்லை

டைனமோ வண்டியில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிவது இயல்பு, வேகம் கூடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் முதலில் பெல்ட், பிறகு கார்பன் பிரஷ், பிறகு சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டி. பேட்டரி முனைகளில் ஓட்டத்தில் 13.8 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். பகலாக இருந்தால் சார்ஜ் இல்லாமலும் காயிலுக்கு வேண்டியதைப் பேட்டரி சில மணி நேரம் தரும். இரவாக இருந்தால் முன் விளக்கு அதைச் சீக்கிரமே குடித்துவிடும், ஆகையால் இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டு வழிகளில் யானை நடமாட்டம் உண்டு, விளக்கில்லாத வண்டியோடு அங்கே போகவே கூடாது.

ஸ்டியரிங் அருகே கியர் உள்ள வண்டிகளில் கம்பி புஷ் தேய்ந்து இரண்டு கியருக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, கம்பி சேரும் இரண்டு நெம்புகோல்களையும் கையால் நேர்க்கோட்டில் கொண்டுவந்து நியூட்ரலில் வைத்தால் விடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

ஆயில் விளக்கு எரிகிறது, எஞ்சின் தட்டுகிறது

சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் விளக்கு லேசாக மினுங்கி, கொஞ்சம் முறுக்கியதும் அணைந்தால், தேய்ந்த எஞ்சினின் வயதுக் குணம் என்று எடுத்துக்கொண்டு, 20டபிள்யூ-50 ஆயில் அளவைச் சரிபார்த்துப் பயணத்தைத் தொடரலாம். ஓட்டத்தில் எரிந்தால் அந்த நொடியே சாவியைத் திருப்பி ஓரம் கட்ட வேண்டும். ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், அல்லது அடிவயிற்றிலிருந்து கனத்த தட்டல் சத்தம் வந்தால், சாலையோர வேலை முடிந்தது. இன்னும் இருபது கிலோமீட்டர்தானே என்று ஓட்டிப் போனால், பேரிங் மாற்றினால் போதும் என்ற நிலை கிராங்க்கை லேத்துக்கு அனுப்பும் நிலையாகிவிடும்; இந்த எஞ்சின்களுக்கு நல்ல கிராங்க் கிடைப்பது இப்போது எளிதல்ல.

அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் யோசனை கூட்டத்தில் கட்டாயம் எழும். சமதளத்தில் பக்கத்து ஊர் வரை என்றால், இழுபடும் வண்டியின் பிரேக் நன்றாக இருந்தால், அனுபவமுள்ளவர் ஸ்டியரிங்கில் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம். தொப்பூரிலும் ஒகேனக்கல் மலைப் பாதையிலும் கயிறு கூடவே கூடாது, வண்டியை மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டையான தளம் கொண்ட மீட்பு லாரி ஒன்றே வழி. சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் சேரும் இடமாதலால் கிருஷ்ணகிரிக்கு அத்தகைய லாரியை வரவழைப்பது எளிது. ஆகவே பயணத் திட்டத்தில் மலைப் பகுதியை முதல் நாளிலும் கிருஷ்ணகிரியைத் திரும்பும் வழியிலும் வைப்பது என் பரிந்துரை. ஏற்றும்போது பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பட்டையைப் பம்பரில் மாட்டாமல் அச்சிலோ சேசிஸிலோ கட்டச் சொல்லி, கட்டி முடிந்ததும் வண்டியின் உரிமையாளரே ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.